ஐம்பத்தெட்டாம் கடிதம்

நார்வா நகரப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ஒன்பது மேசைகள், ஒன்பது அணிகள்.
எங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை.
விதித்தாளை மடித்து அடியில் செருகினோம்,
"இங்கே தருவதை மட்டும் உடைக்கலாம்"
என்ற வரி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கொடி பிடிக்க வேண்டும் என்றார்கள்.
துணியுமில்லை கம்பமுமில்லை.
முப்பத்தோரு எழுத்து,
விசைப்பலகைமேல் பூனை நடந்துபோனது போல.

எல்லா அணிக்கும் ஒரே அச்சில் ஒரு பொய் அஞ்சலகம்.
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
நடுவரின் நிரல் தபால்காரனாக வரும்.
ஒரு கடிதம் போடும்,
முன்பு போட்டது இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்கும்.
கடிதத்துக்குள் கொடி.
நம்முடையதைக் காக்க வேண்டும்,
அடுத்தவருடையதைக் களவாட வேண்டும்.

பதினொன்றரைக்கு ரக்வெரேக்காரர்கள் கன்னம் வைத்தார்கள்.
கன்னக்கோல்கூடத் தேவைப்படவில்லை:
முகவரிக் கடைசியில் 57 என்றால் உன் கடிதம்.
அதை அழித்து 58 என்று அடி.
என் கடிதம்.
நீ யார் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ரொதியோனுக்குக் காது சிவந்துவிட்டது.
வாசல், சன்னல், எலிவளை
அத்தனையும் அடைத்தான்.
பதிவேட்டைப் பார்ப்பது என் வேலை.
ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன.
அவன் நாற்காலியில் சாய்ந்து, சோம்பல் முறித்தான்.

ஆறு நிமிடம் கழித்து
புள்ளிப் பலகையில் எங்கள் பெயர் சிவப்பு.
திருடன் வரவில்லை.
தபால்காரனும் வரவில்லை.

"பத்திரமாகத்தானே இருக்கிறது?" என்றான்.
கம்புரொட்டியும் மீனும் வாய் நிறைய, ஸ்லாதா:
"நம்மிடம் இருந்தது அஞ்சலகம்.
நீ கட்டியிருப்பது சுவர்."

முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தான்.
அவள் கையைத் துடைத்துக்கொண்டு
நாலு வரி அடித்தாள்:
கேட்பது யார்,
கடிதம் அவருக்குத்தானா,
ஆமென்றால் கொடு,
இல்லையென்றால் இல்லை என்று சொல்.
பச்சை.

எங்கள் ஓட்டையை அடைத்த கையோடு
மற்ற எட்டுப் பேரின் ஓட்டையும் தெரிந்துபோனது.
மூன்று மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு கடிதம் படித்தோம்.
வெட்கமா? துளியும் இல்லை.
ரக்வெரேக்காரன் ஒருத்தன் எழுந்து வந்து
முதலில் கைதட்டினான், அப்புறம் திட்டினான்.

ஆறாவது இடம்.
ஆளுக்கொரு ஜோடி காலுறை பரிசு.

வெளியே பனி.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒன்று,
நடுவில் இரவானால் மூடிவிடும் பாலம்.
பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே ரொதியோன்
சறுக்குத் திடலுக்குச் சனிக்கிழமை நேரம் பதிந்தான்.
ரசீது வந்தது.
முகவரிக் கடைசியில் 3317.

அவன் பார்த்தான்.
அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
கட்டைவிரல் அந்த ஏழின் மேல் நின்றது.
பேருந்து வந்தது, கதவு திறந்தது, மூடியது,
போயேவிட்டது.

"விதித்தாள் எங்கே?"
"மேசைக் காலடியில்."

விரலை எடுத்தான்.
"திறந்து பார்க்காமல்
ஓட்டை என்று எப்படிச் சொல்வாய்?" என்றேன்.
"சொல்ல முடியாது.
இருக்கலாம், பாருங்கள் என்று எழுதலாம்."

அவன் வீட்டில் ரஷ்ய மொழி.
எழுத வேண்டிய எஸ்தோனிய மொழிக்கோ
வேற்றுமை பதினான்கு.
"உங்கள் பக்கத்தில் என்பதற்கு எந்த உருபு?"
குளிரில் விரல் விறைக்க என்னைக் கேட்டான்.
ஒன்று சொன்னேன். தப்பு.
அதோடுதான் அனுப்பினோம்.