முழங்கால்

ஐம்பது பா.
பிரெஞ்சு அரசன் விட்டுப்போன அளவு.
பா என்றால் அவர்களுக்குக் காலடி, நமக்குச் செய்யுள்;
இந்த வேடிக்கையைப் பகிர்ந்துகொள்ள
போர்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் எனக்கு ஆளில்லை.
கடல் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து
தரைப்பக்கம் ஐம்பது பா, சர்க்கார் நிலம்.
அரசன் போனான், ஆங்கிலேயனும் வந்து போனான்,
பா மட்டும் மீட்டராகிச் சட்டத்தில் தங்கிவிட்டது:
எண்பத்தொன்று புள்ளி இரண்டு ஒன்று.

கோடு எங்கே என்று எவரும் கேட்கவில்லை,
கடல் நகரும்வரை.

ரிவியேர் தே கலேயிலிருந்து வந்த வழக்கு.
சதாசீவன் ஆர்மூகோம், முன்னாள் பஸ் கண்டக்டர்.
(ஆறுமுகம்தான். கப்பல் பதிவேட்டில் ஒரு குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதினான். மேல்முறையீடு இல்லை.)
கடல் உள்ளே வந்தால்
ஐம்பது பாவும் கூடவே உள்ளே வரும்,
ஆகவே இவர் சமையலறை சர்க்காருடையது
என்றார் அரசு வக்கீல்.
சட்டம் பிறந்த அன்று எது கடலோ
அதுதான் கடல் என்றார் இவர் வக்கீல்.
இரண்டுக்கும் முன்தீர்ப்பு இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
ஏற்றம் மிகுந்த நாளில்
உங்கள் வாசலில் எவ்வளவு தண்ணீர்?

"ஜிஸ்கா லா" என்றார் கிரியோலில்.
இதுவரை.
எதுவரை என்று சொன்னது வாயல்ல, கை.
கூண்டின் மரச்சட்டத்துக்குக் கீழே போய் நின்றது.

கையைத் தட்டச்சு செய்ய முடியாது.
"சாட்சி முழங்காலைச் சுட்டினார் எனப் பதியவும்."
மொழிபெயர்ப்பாளர் தலையசைத்தார்.
இவர் வக்கீல் ஏதோ பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.
பதிந்தேன்.

என் மேசை கூண்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது.
கை நின்ற இடம் கெண்டைக்கால்,
முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.
கேட்டதை எழுதத்தான் சம்பளம்,
கண்டதற்கு இல்லை.

தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம்.
இருபத்தாறாம் பக்கத்தில்:
வந்து திரும்புவது அலை,
ஒருவன் முழங்காலளவு நிற்பது கடல்.
அழகான வாக்கியம். அதில் தோற்றுப்போனார்.

நகல் வாங்க வந்தார், முத்திரைக் கட்டணம் கட்டி.
நான் சொன்னது எங்கே இருக்கிறது என்றார்.
ஆங்கிலத்தில் அந்தச் சொல்மேல் விரல் வைத்துக் காட்டினேன்.
குனிந்து தன் காலைப் பார்த்தார்,
பிறகு என்னை.
சமையலறைக்கு வாடகை கட்டும் ஜன்னல்
எந்த மாடியில் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அதற்குப் பெயர் முழங்கால் விதி.
பிளாக் ரிவரில் ஒரு ஹோட்டல்,
மஹேபூர்கில் இரண்டு சகோதரர்கள்,
கருப்பு அங்கியில் குனிந்து
தன் முழங்காலைத் தொட்டுக் காட்டும் வக்கீல்கள்.
எல்லாவற்றையும் பதிகிறேன்.

போன வாரம் ஓர் இளம் வக்கீல் எழுந்தாள்:
யாருடைய முழங்கால், கனம் நீதிபதி அவர்களே?
நெட்டையனுடையதா, குட்டையனுடையதா?
சபை சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமைக்கு ஒத்திவைப்பு.

ஆர்மூகோம் ஐந்தடி இரண்டங்குலம்.
அது எந்தக் கோப்பிலும் இல்லை.