கால் லிட்டர் அரிசி

வெள்ளறடையில் பஸ் ஏறியபோதும்
விரலில் ரப்பர்பால் வாடை இருந்தது.
மூன்று தடவை சோப்பு போட்டாயிற்று.
திருவனந்தபுரத்து ஏசி அறையில்
டாக்டரம்மாவுக்கு அது எட்டியிருக்கும்.
சொல்லவில்லை.

மேசையில் வரிசையாக எடுத்து வைத்தாள்,
தோல் உரித்த நுங்கு மாதிரி.
"கையில் எடுத்து நோக்கு."
எடுத்தேன். கனத்தது.
பதினான்கு வயதிலிருந்து நான் கேட்டதெல்லாம் வடிவம்.
கனத்தை நினைத்ததே இல்லை.

எங்கே வெட்டுவீர்கள் என்றேன்.
அடிமடிப்பில். இல்லையென்றால் அக்குளில்.
காம்பைச் சுற்றியும் உண்டு.
தழும்பு மங்கும், மறையாது.
அதை எனக்குச் சொல்ல வேண்டாம்.
விடிவதற்குள் முந்நூறு மரம் வெட்டுகிறவள் நான்.
பட்டையில் ஒரு நூல் ஆழம் கூடிப்போனால்
அந்த இடம் முண்டு தட்டும்,
மறுபட்டை எத்தனை வருஷம் கழித்து வந்தாலும்
கத்தி அங்கே ஒரு தடவை துள்ளும்.

ஆயுசுக்கும் இருக்குமா?
இருக்காது. பத்து வருஷம், பதினைந்து,
சிலருக்குக் கூட, சிலருக்கு அதற்கு முன்னாலேயே.
உள்ளே கிழியலாம்.
உடம்பு தன் பங்குக்கு ஓர் உறை கட்டி இறுக்கலாம்.
மாற்ற மறுபடி கத்தி, மறுபடி காசு.
அவள் சொன்ன தொகையை ஷீட்டாக மாற்றிப் பார்த்தேன்:
எனக்கென்று உள்ள நாற்பது மரமும்
நாலு வருஷம் ஒழுக வேண்டும்.
அதுவும் முதல் தடவைக்கு.

காம்பில் உணர்ச்சி குறையலாம் என்றாள்.
எழுதிக்கொண்டே, தலை நிமிராமல்.
இனிக் குழந்தை வேணுமா என்றும் கேட்டாள், பால் குறையலாமாம்.
ஏன் இல்லை என்று கேட்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு
வேணுமா என்பது புதுக் கேள்வி.
தெரியாது என்றேன்.
குடும்பத்தில் யாருக்காவது புற்று?
அம்மையின் தங்கச்சிக்கு.
பேனாவை மூடினாள்.
"அப்போ முதலில் ஒரு படம் எடுத்து வா.
பிறகுதான் மற்றது."

ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.
ரெண்டு வாளிப் பாலை யார் சுமப்பார்?
சுனிதாபாயைக் கேட்கலாம். என்ன நோய் என்பாள்.
கர்ப்பப்பை என்று சொல்லிவிடலாமா?
அதற்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு.

கடைசியில்: யாருக்கு வேண்டி?
எனக்கு, என்றேன்.
கேள்வி முடியுமுன் சொல்லிவிட்டேன் போல.
பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விட்டுப்போனவன் இதற்காகப் போகவில்லை.
ஒன்பதாம் வகுப்பில் பிரைட்டன்
எனக்கு 'ஷீட்டு' என்று பெயர் வைத்தான்.
மெஷினில் வைத்து அடித்த ஷீட்டு.
இப்போது ஆறுகாணியில் அவனுக்கு ரப்பர் கடை.
தொந்தி தராசைத் தொடுகிறது.
மாதம் ரெண்டு தடவை என் ஷீட்டை எடை போடுகிறான்,
சிரித்துக்கொண்டு, ஒன்றும் ஞாபகமில்லாமல்.

பணம் கட்டுமுன் ஒரு வாரம்
அரிசி கட்டிப் பார் என்று அனுப்பினாள்.
மெல்லிய துணி, பக்கத்துக்குக் கால் லிட்டர்,
பாடிக்குள் வைத்து
வழக்கமான வேலையெல்லாம் செய்ய வேண்டும்.

நெற்றியில் லைட், நெஞ்சில் அரிசி.
முதல் நாள் என் நிழலே எனக்குப் பிடித்திருந்தது,
பாறைமேல் விழுந்தபோது
திரும்பி நின்றுகூடப் பார்த்தேன்.
நூறாவது மரத்தில் தோள் கடுத்தது.
சிரட்டையைத் திருப்பக் குனியும்போதெல்லாம்
எனக்கு முன்னால் இன்னொருத்தி குனிந்தாள்.
நாலாம் நாள், நூற்று அறுபதோ எழுபதோ,
இடப்பக்கத் துணி கிழிந்து
அரிசி வயிற்றில் இறங்கிக் காலில் கொட்டியது.
அந்த இருட்டில் தனியாக நின்று சிரித்தேன்.
பின்னே என்ன செய்ய?
மீதி மரத்தையும் வெட்டி முடித்தேன்,
ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அரிசி.
பால் எடுக்கத் திரும்பி வந்தபோது
அந்த மரத்தடியில் ரெண்டு புறா.

பாரம் மட்டும்தான் அரிசி சொல்லும்.
மரத்துப்போவதை, இறுகுவதைச் சொல்லாது.

படத்துக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
நேற்று கொஞ்சம் தடித்த துணி வாங்கினேன்.
இந்த வாரம் இருநூறு மில்லி.