பத்துக்கு எத்தனை

யானைக்கல் மண்டியில் லாரி மேலிருந்து
தாரோடு தாராக வந்து விழுந்தவர்.
பேர் கேட்டேன். வெயிலுகந்தான் என்றார்.
கிழமை கேட்டேன். லோடு வர்ற கிழமை என்றார்.
சரியா தப்பா என்று குறிக்கக் கட்டமிருக்கிறது.
இதற்குக் கட்டமில்லை.

"வலி பத்துக்கு எத்தனை?"
"பத்துக்குன்னா?"
"வலியே இல்லன்னா சைபர்.
இதுக்கு மேல ஆகாதுன்னா பத்து."
கண்ணை மூடிக்கொண்டார்.
பதறிப்போய் நெஞ்செலும்பில் விரல் மடக்கி அழுத்தினேன்.
"கணக்குத்தாம்மா போடுறேன், விடுங்க.
நானூறு தார் எறக்கிட்டு
கூலி வாங்காம வீட்டுக்குப் போற வலி."

எட்டு என்று எழுதினேன்.

சீனியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
பெட்டிக்கடையில் வாங்கிய மாத்திரை, பாதி அட்டை.
உடம்புவலிக்கு அவர் தினமும் போடுவதுதானாம்.
பிடுங்கி என் பாக்கெட்டில் வைத்தேன்.
உள்ளே கசிந்துகொண்டிருந்தால்
இது அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ளும் என்றேன்.
"அப்பத் தூங்கவாச்சும் ஒரு ஊசி?"
தூங்க வைத்துவிட்டால்
தூங்குவது அவரா, மூளையா என்று
யாரைக் கேட்பது?

எழுதியிருந்த பாரசிட்டமால் பாட்டிலைத் தொங்கவிட்டேன்.
பதினைந்து நிமிடம்.
முந்நூறு தாருக்கு இறங்கியது.
அதில் நின்றுகொண்டது.

ஸ்கேன் அறை வாசலில்
மேலூர் ரோட்டு பைக் இரண்டு,
மாடியிலிருந்து விழுந்த பிள்ளை ஒன்று,
அப்புறம் இவர்.
பெரியாஸ்பத்திரி நடைக்கூடத்தில்
ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் மட்டும் கத்தும்.
ஒவ்வொரு கத்தலுக்கும் அவர் பல்லைக் கடித்தார்.
கொஞ்சம் தேங்காய் எண்ணெய் இருந்தால்
அன்றைக்கு அதுதான் மருந்து.

மூன்று மணிக்குப் படம் வந்தது.
"ஒண்ணும் இல்லை" என்றார் டியூட்டி டாக்டர்.
சீனியம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.
அவருக்கோ கோபம் வந்துவிட்டது:
"ஒண்ணும் இல்லைன்னா
அப்ப எதும்மா வலிக்குது?"

பதில் இருக்கிறது.
உலுக்கிய சொம்பில் தண்ணீர் அடங்க நேரமாகும்
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறி
அவர் தலைக்கு மேலே இருந்த டியூப்லைட்டைத்
திருகி அணைத்தேன்.
"ஆ" என்றார், ஐஸ் தண்ணீரில் கால் வைத்தவர் மாதிரி.
அடுத்த படுக்கைக்காரர் முணுமுணுத்தார்.
முணுமுணுக்கட்டும்.

ஆனாலும் மணிக்கொரு தரம்
நான்தான் அந்த இருட்டுக்குள் போய்
இமையை விலக்கி டார்ச் அடித்தேன்.
கொடுத்த கையே பிடுங்கியது.
"விரலை இறுக்குங்க. பேரென்ன? எங்க இருக்கீங்க?"
"மதுரையிலதான். எங்கயும் போகலை."
ஐந்து மணிக்கு நூறு தார்.
"நூறெல்லாம் வலியா? காலைக்கஞ்சிக்கு முன்னாடி எறக்கிருவேன்."
இரண்டு என்று எழுதினேன். சிரித்திருப்பேன் போல.

விடிந்ததும் வீட்டுக்குப் போகும் சீட்டைப் படித்துக்காட்டினேன்.
வாந்தி வந்தால், எழுப்பி எழாவிட்டால்,
பேச்சு குழறினால், வலி கூடினால்
உடனே தூக்கிட்டு வரணும்.
சீனியம்மா ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினாள்.
ரெண்டு வாரத்துக்குத் தலையில் சுமை கூடாது.

"ரெண்டு வாரமா?"

எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி படுத்தார்.
நெற்றியை அழுத்திக்கொண்டார்,
தையல் போட்ட பக்கம் அல்ல, இந்தப் பக்கம்.
"இப்பக் கேளுங்கம்மா" என்றார்.
"பத்துக்கு எத்தனைன்னு
இப்பக் கேளுங்க."