பல்வைத்தியரின் சுவரில் ஒரு துறை

பதினாலாம் இலக்கம் என் கையில்.
ஒன்பதாம் இலக்கம் உள்ளே கத்துகிறது.
காற்றாடிக்குக் கீழே கதிரை இல்லை,
அதனால் படத்துக்கு எதிரே இருந்தேன்
கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

கறுப்பு மையில் பழைய செப்புத்தகட்டுப் படம்.
அடியில் சுருள் சுருளாய் எழுத்து.
இங்கிலீசு என்று நினைத்தேன், இல்லை.
எழுத்துக் கூட்டினேன்:
யாப் னா பா தாம்.
எங்கட யாழ்ப்பாணமாம்.

பின்னால் மூன்று மலை.
மலை!
பனைக்கு மேலே இந்த மண்ணில் எழும்பியவை
கோபுரமும் போன் கம்பமும்தானே.
எந்த ஊர் மலையை
இங்கே கொண்டுவந்து இறக்கினான்
இந்த ஒல்லாந்தக்காரன்?

கோட்டை மதிலை உரசியபடி
மூன்று பாய்மரக் கப்பல்.
அதே இடத்தில் என் மருமகன் நின்று
இறாலுக்கு வலை வீசுவான்,
மடித்துக் கட்டிய சாரம் நனையாது.
கொடி கிழக்கே பறக்கிறது,
பாய் மேற்கே புடைக்கிறது.
குறிகட்டுவான் துறையில்
இருபத்தாறு வருசம் கயிறு பிடித்தவன் நான்.
ஒரே காற்று இரண்டு பக்கம் போனதைக்
கண்டதில்லை,
சண்டைக் காலத்தில்கூட.

கயிற்றுத் தூளியில் ஒரு யானை
கப்பலின் வயிற்றுக்கு மேலே தொங்குகிறது.
கால்கள் நாய்க்கு மடிவதுபோல் மடிந்திருக்கின்றன.
கண் வைக்க மறந்துபோனான்.
தந்தத்தைப் பார்த்ததும்
என் கடைவாய் இன்னொரு தரம் இடித்தது.

கரையில் புடவைக் கட்டு பதினொன்று
(எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது),
பாக்கு மூட்டை, சங்குக் குவியல்.
குவியல் முழுக்க வலம்புரி.
ஒன்று கிடைத்தாலே
மாடி வைத்து வீடு கட்டலாம்!
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.
பக்கத்தில் கம்பி போட்ட பல்லுப் பிள்ளை சிரித்தாள்,
சித்திரம் படிக்கிறாளாம்.
“தகட்டில நேராய் வெட்டினால்
தாளில மாறித்தான் விழும், ஐயா.”
“அப்ப மலை?”
“அது பொய்.”

இடது மூலையில்
நகத்தளவு மனிதன் ஒருவன்
வள்ளத்துக்குள் நின்று தண்ணி இறைக்கிறான்.
ஒரு கால் பலகையில்,
மற்றது கணுக்கால் வரை தண்ணிக்குள்.
கரையைப் பார்க்கவில்லை,
யானையையும் பார்க்கவில்லை.
இறைத்த தண்ணி
காற்றுக்கு எதிரே வீசப்படாமல்
சரியான பக்கத்தால் விழுகிறது.
இதைக் கண்டுதான் வெட்டியிருக்கிறான்.
எங்கே கண்டானோ.
தன் ஊர்த் துறை ஒன்றில்,
மழை நாளில்,
வேறு யாரையோ காத்து நிற்கும்போது.

“பதினாலு! இம்மானுவேல் கஸ்பார்!”
கண்ணாடிக் கதவு,
வெளிச்சம்,
ஊசி.
பிறகு கிண்ணத்தில்
என்னுடைய சின்னத் தந்தம்.

பின்னேர பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது.
மண்டைதீவுக்கு மேலே
முகில் அடுக்கி நின்றது,
மூன்று அடுக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாதி முகம் என்னுடையதாய் இல்லை.

“எங்க இறக்கம், அண்ணை?”
குறிகட்டுவான் என்றுதான் சொன்னேன்.
வாயிலிருந்து வந்தது
உலகத்தில் இல்லாத ஓர் ஊர்:
கூ யி கத் தா வாம்.
பொடியன் ஒருக்கால் என்னைப் பார்த்தான்,
சரியான இடத்துக்கே
டிக்கெட் கிழித்துத் தந்தான்.