எழுபத்தெட்டு கிலோ

வலது பக்கத்து நட்டு புதன்கிழமையே வந்துவிட்டது.
இடதுதான் வரவில்லை.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டை ஒட்டி எங்கள் ஒர்க்ஷாப்.
முன்பக்கம் நின்றால் போனில் ஒரு மாநிலம்,
பின்பக்கம் போனால் இன்னொன்று.
நாளைக்கு நாலு தடவை எனக்கு நல்வரவு வரும்.

வண்டி கொழிஞ்சாம்பாறைப் பல் டாக்டருடையது.
மாமனார் ஓட்டியது, பிறகு கோழிகள் அடைந்தது.
பின்சீட்டில் இன்னும் இறகு.
பானட்டில் கம்பெனிப் பேர் இருந்த இடத்தில்
மூன்று எழுத்து மிச்சம்.

உதுமான் கோட்டர் பின்னை நொறுக்கி எடுத்தார்.
மண்ணெண்ணெய் விட்டார், பிரேக் ஆயில் விட்டார்,
டீசலில் முக்கிய சாக்கைச் சுற்றி
ராத்திரி முழுக்க ஊறப்போட்டார்,
நான் உளுந்து போடுகிற மாதிரி.
காலையில் கேஸ் வைத்துச் சுட்டார்.
சிவந்தது. கறுத்தது.
கஞ்சிக்கோட்டில் இரவல் வாங்கிய பார்
வில்லாக வளைந்தது.
நட்டு அப்படியே இருந்தது.

நாங்கள் பேசியும் மூன்று நாள்.
என் தங்கச்சி நிக்காஹ்வில்
போட்டோக்காரன் கொஞ்சம் நகரச் சொன்னபோது
'அவ நகர்ந்தா மண்டபம் நகரும்' என்றது இவர்தான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்,
போட்டோவில் தெரிகிறது.

ஹெல்பர் ரெஜீஷ் நாற்பத்தாறு கிலோ.
நாலடி ஜிஐ பைப்பைச் செருகி ஏறிக் குதித்தான்.
பைப் அவனைத் தூக்கிப் போட்டது.
'இத்தா, ஒந்நு வரோ' என்று கூப்பிட்டதும் அவன்தான்.
உதுமான் டிரம்மில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.
செருப்பைக் கழற்றினேன்.
'எந்தப் பக்கம்டா திருப்பறது?'
பையனைத்தான் கேட்டேன்.
பதிலைச் சக்கரத்துக்குச் சொன்னார் அவர்:
'இடதுக்கு மரை தலைகீழ்.
ரெண்டு நட்டும் வண்டி ரிவர்ஸ் போற திசையிலதான் கழலும்.
எந்தப் பக்கம் நின்னாலும்
பைப் வாலைப் பார்த்து இருக்கணும்.'
மூன்று நாளில் அதுதான் நீளமான பேச்சு.

ஏறினேன்.
ரேஷன் கடைத் தராசு போன மாசம் சொன்ன
எழுபத்தெட்டையும் வைத்தேன்.
பைப் ஒரு சாண் தாழ்ந்தது.
சந்தோஷப்பட்டேன்.
வளைந்தது பைப் மட்டும்தான்.

மத்தியானம் ஸ்கூட்டரில் சசிதரன் டாக்டர் வந்தார்.
குனிந்து பார்த்தார்,
ஆ காட்டச் சொல்லாத குறை.
'கடைவாய்ப் பல்லை எடுத்ததும் இழுக்க மாட்டேன்.
முதல்ல உள்ளே அழுத்துவேன்.
ஒரு நூல் உள்ளே போனாத்தான்
வேர் விடும்.'
உதுமான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு
ரோட்டில் வைக்கோல் லாரி போவதைப் பார்த்தார்.
முப்பது வருஷ மெக்கானிக்.

டாக்டர் வளைவில் மறைந்ததும்
புதுப் பைப்பைச் செருகி
மூக்குப் பக்கம் திருப்பினார்.
'ஏறு' என்றார்.
என்னைப் பார்த்து.
'இறுக்கத்தான். மெல்ல.'

மெல்ல என்றால் எனக்குத் தெரியாதா.
ஒற்றைக் காலில், குதிகாலைத் தூக்கி,
பால் பொங்கும் நேரத்தில் அடுப்பைக் குறைப்பது போல
கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை விட்டேன்.
கிணுக்.
துரு கொஞ்சம் காப்பித்தூளாய்த் தரையில் விழுந்தது.
மூவரும் அதையே பார்த்தோம்.

பைப் வாலுக்குத் திரும்பியது.
இந்த முறை மெல்ல இல்லை.

வெடி போட்ட சத்தம்.
செக்போஸ்ட் போலீஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.
நான் பைப்போடு தரைக்கு வந்திருந்தேன்,
முழங்கை சிராய்த்து.
'அடியா?' என்றார் உதுமான்.
கை நட்டின்மேல் இருந்தது.
என்னைத்தான் கேட்டார் என்று
வைத்துக்கொண்டேன்.

கூலி நோட்டில் ரெஜீஷ் எழுதினான்:
இடது நட்டு, ஆள் மூன்று.
அவர் வாங்கிப் படித்தார்.
அடிக்கவில்லை.

டிரம் இன்னும் அச்சைக் கவ்விக்கொண்டு இருக்கிறது.
அதற்குப் புல்லர் வேண்டும்.
சித்தூரில் ஒருவரிடம் இருக்கிறதாம்,
திங்கட்கிழமைதான் தருவாராம்.