இரண்டு மில்லிமீட்டர்

கோதன்பர்க்கில் பத்தொன்பது வருடமாய்
பதினோராம் தடத்து டிராம் ஓட்டுகிறேன்.
உட்கார்ந்தே செய்யும் வேலை.
உட்காரத்தான் முடியவில்லை.
ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும்
எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து
இடதுபக்கம் ஓர் ஆணி.
முதுகு என்றார் ஒருவர்.
மனசு என்றார் இன்னொருவர்,
கணினியைப் பார்த்தபடியே.
படங்களில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததோடு பதினான்கு குளிர்காலம்
ஒரே கட்டிலில் படுத்தேன்.

டாக்டர் இல்வா மட்டும்
"ஒரே விரலால் காட்டுங்கள்" என்றாள்.
திரும்பி நின்று காட்டினேன்.
மறுபடி காட்டச் சொன்னாள்.
அதே இடம். ஒரு காசு அகலம்கூட விலகவில்லை.
திருவெலும்பும் இடுப்பெலும்பும் கூடுமிடம்.
அது அசைவதே இரண்டு மில்லிமீட்டராம்.
இரண்டு மில்லிமீட்டருக்கா
இத்தனை மாத்திரை.

சோதனைக்காக ஊசி போட்டு மரக்க வைத்தாள்.
நான்கு மணி நேரம்.
அதில் நான் செய்தது:
ஹாகா தெருவில் ஒரு மர நாற்காலியில்
காபி ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.
வேறொன்றும் இல்லை.
ஐந்தேகாலுக்குத் திரும்பி வந்தது,
சாவி வைத்திருக்கும் ஆள்போல, கதவைத் தட்டாமல்.
வீட்டுக்குப் போகும் டிராமில்
பயணியாக நின்றபடி அழுதேன்.

மூன்று முக்கோணக் கழிகள்.
டைட்டானியத் தூளை லேசர் உருக்கி உருக்கிப்
படலம் படலமாய் அச்சடித்தவை.
மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தாள்:
கனமே இல்லை,
உடம்பெல்லாம் ரொட்டித் துளைகள்.
"இதற்குள் உங்கள் எலும்பு குடியேறும்."
வாடகை எவ்வளவு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஆறு வாரம் ஊன்றுகோல் என்றாள்.

என் கணவன் ஸ்டூரே தண்டவாளம் பற்றவைப்பவன்.
"நாங்களும் இதைத்தான் செய்கிறோம்,
இடைவெளி இருந்தால் சக்கரம் தட்டும்,
சேர்த்துவிட்டால் தட்டாது."
வெயிலில் நீளுமே, அப்போது?
பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

இப்போது மார்ச்.
உள்ளே எலும்பு வளர்கிறதாம்.
பிள்ளைபோல உதைத்துச் சொல்வதில்லை,
படத்தைப் பார்த்து நம்புகிறேன்,
அதே படங்களை.
வலதுபக்கம் சிலசமயம் முணுமுணுக்கிறது.
அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று சால்ட்ஹோல்மன், கடைசி நிறுத்தம்.
எல்லோரும் இறங்கிப் படகுக்கு ஓடினார்கள்.
கண்ணாடியில் உப்புத்துளி காய்ந்துகொண்டிருந்தது.
திரும்பக் கிளம்பும் மணி அடித்தபோதுதான் கவனித்தேன்,

எழுந்து நிற்க மறந்திருந்தேன்.