கடல்மட்டத்துக்குக் கீழே

தட்டு எண் நாற்பத்தொன்று.
பச்சை பூத்துத் திராட்சை மணக்கிறது.
மருந்து வில்லையைச் சுற்றிய வெறுமை
மூன்று வாரம் முன்பு இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
அளவுகோலைத் துடைத்து மறுபடி வைக்கிறேன்.
பதினொன்றுதான்.

மருந்து உள்ளே போகாமலில்லை.
போகிறது.
செருப்பைக் கழற்றி உட்காருமுன்
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறார்கள்.
உட்சுவரில் ஒரு விசை
வெளிச்சுவரில் ஒரு வாய்
இரண்டையும் இணைக்க ஒரு முழங்கை.
பிடி, பிழி, துப்பு.
பிடி, பிழி, துப்பு.
சிப்ரோவா சாயமா சோப்பா
பெயர் கேட்கிற வழக்கமில்லை.

ஆஸ்பத்திரிக்கெல்லாம் மூத்தது இந்தப் பழக்கம்.
மண்ணுக்குள், வேர்கள் கசியும் நஞ்சுக்கு நடுவே
தன் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்த உயிர் அது.
அது கொட்டும் குப்பையில் ஒன்றுக்கு
நாம்தான் மருந்தென்று பேர் வைத்தோம்.

சளி கொடுத்தவர் ஹிடே தெர்ப்ஸ்ட்ரா.
லேவார்டனுக்குத் தெற்கே
நீர் இறைக்கும் நிலையத்தில் வேலை.
அங்கே கடலைவிட ஓராள் தாழ்வில்
மாடு மேய்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது.
இறைக்காவிட்டால் ஊரில்லை.
அக்டோபர்ப் புயலில் நான்கு நாள்
நிலையத்திலேயே கிடந்தாராம்.
மாத்திரை வீட்டில், அலமாரியில்.
ஊர் நனையவில்லை.

"உங்கள் நெஞ்சுக்குள் இருப்பதற்கும் ஒரு பம்ப் இருக்கிறது"
என்று டாக்டர் சிட்ஸ்கே சொன்னபோது
சிரித்தார், சிரிப்பு இருமலாகி
இரண்டு நிமிடம் பேச்சில்லை.
பிறகு கேட்டாராம்:
"எங்களுடையது மிதவை ஏறினால் ஓடும், இறங்கினால் நிற்கும்.
அதற்கு?"

மிதவை உடைந்துவிட்டது.
மரபணுவில் ஓரெழுத்து புரண்டதில்
நிறுத்து என்று சொல்ல வேண்டிய புரதம்
வாயடைத்துப் போயிற்று.
ராப்பகலாய் ஓடுகிறது.

"அப்படியானால் கரண்ட் பில் எகிறுமே.
யார் கட்டுகிறார்கள்?"

இதைச் சொல்லத்தான் சிட்ஸ்கே
இரவு பதினொன்றுக்கு என்னை அழைத்தாள்.
நான் அதை ஒட்டுநாடாவில் எழுதி
ஆய்வகக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.
நியாயமான கேள்வி.
மருந்தில்லாத தட்டில் விட்டால்
நாற்பத்தொன்று நொண்டுகிறது,
பம்பை அணைத்து வாழும் உறவினர்கள்
அதை முந்திக்கொண்டு போகிறார்கள்.
சில தடவை.
சில தடவை, நொண்டிக்கொண்டே
ஓடப் பழகியும்விடுகிறது.

அதன் தொண்டையை அடைக்க
ஒரு தூள் இருக்கிறது என்னிடம்.
கண்ணாடித் தட்டில் அருமையாய் வேலை செய்கிறது:
பதினொன்று, இருபத்திரண்டாய் விரிகிறது.
சிறுநீரகத்தையும் அடைக்கும் என்பதால்
மனிதருக்குள் விட வழியில்லை.
நாளை வேறு மருந்து தொடங்குகிறார்கள்,
பழையது, கடுமையானது,
அதுவும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான்.

ஆறாம் படுக்கைக்காரர் தூங்கவில்லை என்று
இரவுத் தாதி குறித்திருக்கிறாள்.
வலியில்லையாம்.
இங்கே எதுவும் ஓடும் சத்தமில்லை,
எப்படித் தூங்குவது என்றாராம்.
ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாராம்.
வெளியே மழை மட்டும்.

விளக்கை அணைக்குமுன்
இன்குபேட்டர் கதவில் காது வைத்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
முப்பத்தேழு டிகிரி.